ஓட முடியாதவனுக்கும் ஓட்டம் உண்டு



இரண்டாம் தீமோத்தேயு நான்காம் அதிகாரத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தச் செய்தியை வாசியுங்கள். அதில் ஏழாம் வசனம் நமக்கெல்லாம் மனப்பாடம். அடக்க ஆராதனையில் வாசிக்கிறோம், கல்லறைக் கல்லில் வெட்டி வைக்கிறோம். பவுல் தன் ஜீவியத்தையே ஒரு ஓட்டப்பந்தயமாக எண்ணி, எல்லைக்கோடு வரைக்கும் வந்துவிட்ட ஒருவனைப் போல அங்கே பேசுகிறார்.

அதே அதிகாரத்தில் இருபதாம் வசனம் இருக்கிறது. அதற்கு நம்மில் எத்தனை பேர் அடிக்கோடு போட்டிருக்கிறோம்? துரோப்பீமு என்கிற உடன் ஊழியருக்கு உடம்பு முடியவில்லை, அவரை மிலேத்து ஊரிலேயே வைத்துவிட்டு நான் கிளம்ப வேண்டியதாயிற்று என்று பவுல் அங்கே தெரிவிக்கிறார். யார் இந்தப் பவுல்? அப்போஸ்தலர் 19-ம் அதிகாரத்தைப் பாருங்கள். எபேசுவில் இவருடைய சரீரத்தில் பட்ட துணிகளைக் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதி ஓடிப்போயிற்று! அந்த எபேசு ஊர்க்காரர்தான் துரோப்பீமு. துணி பட்டவர்கள் எழுந்து நடந்தார்கள், கூடவே நடந்தவர் படுத்திருந்தார். ஆனாலும் துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று பவுல் ஒரு வார்த்தை எழுதவில்லை. மறைவான பாவம் ஏதோ இருக்கிறது என்றும் எழுதவில்லை.

ஓட்டத்தை முடித்தவரும் சுகமாகாதவரும் ஒரே அதிகாரத்தில் இருக்கிறார்கள். பிரியமானவர்களே, இந்த இரண்டு வசனத்தையும் சேர்த்து வாசிக்க ஆவியானவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

எனக்கு நேரிட்டது

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். நான் வாலிப நாட்களில் ஓடினவன். சம்பளத்துக்கு ஓடினவன் அல்ல, ஆசைக்கு ஓடினவன். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, திண்டிவனத்திலிருந்து ரோட்டோரமாக ஓடிவிட்டு வந்து, குளித்து, கஞ்சியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போவேன். 1500 மீட்டரும் 5000 மீட்டரும் என் பந்தயங்கள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் மூத்தோர் தடகளப் போட்டிகளுக்குப் போய்வந்தேன். வீட்டு அலமாரியில் சில கோப்பைகள் உண்டு. வெள்ளி மாதிரி மின்னினது எல்லாம் இப்போது கறுத்துப் போயிருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னே இடுப்பு வலி வந்தது. விடவே இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்தார்கள். புராஸ்டேட் சுரப்பியில் ஆரம்பித்த கேன்சர் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவியிருக்கிறது என்று வந்தது. டாக்டர் என் முகத்தைப் பார்த்தே பேசினார். "ஐயா, இதை வேரோட எடுக்க முடியாது. ஊசி மாத்திரையால அடக்கி வைக்கலாம். எவ்வளவு நாள்னு நான் தேதி சொல்ல மாட்டேன்" என்றார். நேராகச் சொன்ன அந்த டாக்டருக்காக இன்றும் ஸ்தோத்திரம் பண்ணுகிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. தினமும் மாத்திரை. இந்த ஊசி ஆண்மைச் சுரப்பை அடக்கி அதனால் கேன்சரைப் பட்டினி போடுகிறது. அதோடு கூட தசையையும் கரைக்கிறது. மார்கழிக் குளிரிலும் திடீரென்று உடம்பெல்லாம் கொதித்து வேர்க்கிறது. ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, கனமானதைத் தூக்கக்கூடாது, எலும்பு முறிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். மெதுவாக நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், நடந்தால்தான் சோர்வு குறையுமாம். நாலரை மணிக்கு இன்னும் கண் விழித்துக்கொள்கிறது. காலுக்குத் தெரியவில்லை, அது ஓட்டத்துக்கு நேரம் என்று எழுப்பிவிடுகிறது!

வியாதியோடு போராடுகிறதைவிடப் பேச்சுகளோடு போராடுகிறது கஷ்டமாயிருந்தது. ஒரு சகோதரன் வந்து, "அண்ணே, கிரிக்கெட் யுவராஜ் சிங் எழும்பி வந்து ஆடலையா? நீங்களும் ஸ்போர்ட்ஸ்மேன்தானே, ஃபைட் பண்ணுங்க" என்றார். வெளியூரிலிருந்து கூட்டத்துக்கு வந்த ஒருவர், பெயர் வேண்டாம், "மாத்திரையைத் தூக்கிப் போடுங்க, அதுதான் விசுவாசம்" என்றார். இன்னும் சிலர் ஒன்றும் பேசத் தெரியாமல், என்னைக் கண்டால் சைக்கிளை வேறு தெருவுக்குத் திருப்பினார்கள். மூன்று பேருமே என்னை நேசிக்கிறவர்கள்தான். ஆகையால் கோபமில்லாமல் பதில் எழுதுகிறேன்.

எல்லாப் பந்தயமும் ஒரே தூரம் அல்ல

முதலில் யுவராஜ் சிங். 2011 உலகக் கோப்பையில் தொடர் நாயகன் விருது வாங்கினவர். அதன்பின் அவருடைய மார்புக்குள் கட்டி இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் கீமோ எடுத்து, 2012 செப்டம்பரிலேயே இந்திய அணிக்குத் திரும்பினார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஆனால் அவருக்கு வந்தது மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுகிற வகை. கேன்சர் என்பது ஒரே வியாதியின் பெயர் அல்ல, பல வியாதிகளுக்கு ஒரே வீட்டுப் பெயர். நூறு மீட்டர் ஓடுகிறவனுடைய நேரத்தை வைத்து மாரத்தான் ஓடுகிறவனை அளப்போமா?

இன்னொரு விளையாட்டு வீரரையும் பாருங்கள். மணிப்பூரைச் சேர்ந்த குத்துச்சண்டை வீரர் டிங்கோ சிங். 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். இரும்பு போன்ற சரீரம். அவருக்கு ஈரலில் கேன்சர் வந்தது. வருஷக்கணக்கில் சிகிச்சை எடுத்தார், நடுவிலே கொரோனாவும் வந்து அதிலிருந்து மீண்டார். 2021 ஜூன் 10-ம் தேதி, 42-வது வயதில் மரித்தார். அவர் யுவராஜைவிடப் போராட்டத்தில் குறைந்தவரா? குத்துச்சண்டை மேடையில் நின்றவருக்குப் போராடத் தெரியாதா? ஆகையால், "போராடினால் பிழைக்கலாம்" என்று படுக்கையில் இருக்கிறவனிடம் சொல்லும்போது, மரித்துப்போனவர்கள் எல்லாரும் போராடாமல் விட்டவர்கள் என்று சொல்லிவிடுகிறோம். அது அந்த வீட்டாரின் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கும்.

காலணியைக் கொடுத்துவிட்டுப் போனவர்

எரிக் லிடெல் என்கிற ஸ்காட்லாந்து ஓட்டக்காரரின் கதையை நம்மில் பலர் ஞாயிறு பள்ளியில் கேட்டிருக்கிறோம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. கர்த்தருடைய நாளில் ஓடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தனக்குப் பழக்கமில்லாத 400 மீட்டரில் ஓடி, 47.6 விநாடியில் தங்கம் வென்றார். அவர் காசுக்கு ஓடுகிறவர் அல்ல. அந்நாட்களில் ஒலிம்பிக்கே அப்படித்தான். அடுத்த வருஷமே, 1925-ல், புகழையெல்லாம் விட்டுவிட்டு, தான் பிறந்த சீன தேசத்துக்கு மிஷனரியாகப் போனார். அல்லேலூயா!

ஞாயிறு பள்ளியில் கதை இத்தோடு முடிந்துவிடும். மீதிக் கதையை யாரும் சொல்லுகிறதில்லை. யுத்தம் வந்தது. 1941-ல் கர்ப்பவதியான மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு, அவர் சீனாவிலேயே தங்கினார். மூன்றாவது பிள்ளையின் முகத்தை அவர் கடைசி வரைக்கும் பார்க்கவில்லை. 1943-ல் ஜப்பானியர் அவரை வெய்சியென் என்ற இடத்தில் ஒரு முகாமில் அடைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், நெருக்கடி, அரைவயிறு சாப்பாடு. அங்கே அவர் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தார், விளையாட்டுப் போட்டி நடத்தினார், வயதானவர்களுக்குத் தண்ணீர் சுமந்தார். பிள்ளைகள் அவரை "எரிக் மாமா" என்றே கூப்பிட்டார்கள்.

பின்பு தலைவலி ஆரம்பித்தது. நடை தளர்ந்தது. மனம் சோர்ந்தது. அதிக வேலையினால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று நினைத்தார்கள். 1945 பிப்ரவரி 21-ம் தேதி, 43-வது வயதில் மரித்தார். மரித்த பிறகுதான் மூளையில் கட்டி இருந்தது தெரிந்தது. முகாம் விடுதலையானது அந்த ஆகஸ்ட் மாதத்தில். ஆறு மாதம் பொறுத்திருந்தால் வீட்டுக்குப் போயிருப்பாரே!

ஞாயிற்றுக்கிழமைக்காகத் தங்கத்தையே விடத் துணிந்த மனுஷனுக்கு ஏன் அற்புதம் நடக்கவில்லை? எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். மரிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னே, அந்தக் குளிர்காலத்தில், அவர் தன்னுடைய பழைய ஓட்டக் காலணிகளை எடுத்துவந்தார். கிழிந்தவை, ஒட்டுப்போட்டவை. அவற்றை முகாமிலிருந்த ஸ்டீபன் மெட்காஃப் என்ற வாலிபனுக்குக் கொடுத்தார். சத்துருக்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்றும் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். அந்த வாலிபன் பின்பு மிஷனரியாகப் போனார். எந்த தேசத்துக்கு? தன்னைச் சிறைவைத்த ஜப்பான் தேசத்துக்கே!

பிரியமானவர்களே, லிடெலின் பந்தயம் பாரிஸில் முடிந்ததா, வெய்சியெனில் முடிந்ததா? அவர் கால் நின்றுபோன இடத்தில் அவருடைய காலணி இன்னொருவன் காலில் நடந்தது. பாரிஸில் ஒரே ஒருவருக்குத்தான் தங்கம். வெய்சியெனில் அவர் தண்ணீர் சுமந்து கொடுத்த கிழவிகளுக்கெல்லாம் பங்கு கிடைத்தது. கொரிந்து பட்டணத்துக்குப் பக்கத்தில் நடந்த பந்தயங்களில் ஜெயித்தவனுக்குப் பைன் மரத் தழையிலோ காய்ந்த கீரைத் தழையிலோ மாலை கட்டிப் போட்டார்களாம். முதல் கொரிந்தியர் ஒன்பதில் பவுல் வாடிப்போகிற கிரீடம் என்று பேசுவது அதைத்தான். என் அலமாரியில் கறுத்துப்போன கோப்பைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அதிகாரம் ஞாபகம் வரும்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம், 143 நாள்

கனடாவில் டெரி ஃபாக்ஸ் என்று ஒரு வாலிபன். கல்லூரியில் கூடைப்பந்து ஆடினவன். 1977-ல் எலும்புக் கேன்சர் வந்து வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். 1980 ஏப்ரல் 12-ம் தேதி, கேன்சர் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க, செயற்கைக் காலோடு கனடா தேசத்தின் கிழக்கு ஓரத்திலிருந்து ஓட ஆரம்பித்தான். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான், அதாவது 42 கிலோமீட்டர். நமக்கு விளங்கும்படி சொன்னால், திண்டிவனத்தில் புறப்பட்டு விழுப்புரம் வந்து இன்னும் கொஞ்ச தூரம். பஸ்ஸில் வந்தாலே நாம் களைத்துப்போகிறோம். அவன் ஒற்றைக் காலோடு 143 நாள் ஓடினான். மொத்தம் 5,373 கிலோமீட்டர்.

செப்டம்பர் 1-ம் தேதி நெஞ்சு வலித்தது, நின்றான். கேன்சர் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. மேற்கு ஓரம் வரைக்கும் அவன் போய்ச் சேரவில்லை. 1981 ஜூன் 28-ம் தேதி, 22 வயதில் மரித்தான். ஓட்டத்தை முடிக்காதவன் என்று அவனை யாராவது சொல்லுகிறார்களா? இன்று பல தேசங்களில் அவன் பெயரால் ஜனங்கள் ஓடுகிறார்கள், நம்முடைய சென்னையிலும் ஓடியிருக்கிறார்கள். உலகத்தாருக்கே தெரிகிறது, நின்ற இடம் வேறே, முடித்த இடம் வேறே என்று. சபைக்கு இது தெரியாமல் இருக்கலாமா?

சூரைச்செடியின் கீழ் படுத்த ஓட்டக்காரர்

வேதத்தில் மிகப் பெரிய ஓட்டக்காரர் யார் என்று கேட்டால் நான் எலியாவைச் சொல்லுவேன். முதல் இராஜாக்கள் 18-ம் அதிகாரத்தின் கடைசியில், கர்த்தருடைய கை அவர்மேல் வந்தது, மழையில் ஆகாபின் ரதத்துக்கு முன்னாலே யெஸ்ரயேல் வரைக்கும் ஓடினார். அடுத்த பக்கத்தைத் திருப்பினால், அதே எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, என் பிராணனை எடுத்துக்கொள்ளும் என்று கெஞ்சுகிறார்.

தேவதூதன் வந்து என்ன செய்தான்? "நேற்று ரதத்துக்கு முன்னே ஓடினவன் இன்றைக்கு இப்படிப் படுக்கலாமா?" என்று கேட்டானா? இல்லை. தட்டி எழுப்பினான். சூடான அடை, தண்ணீர். சாப்பிட்டதும் மறுபடி தூங்கவிட்டான். இரண்டாம் தரமும் சாப்பாடு கொடுத்தான். உன்னால் தாங்க முடியாத பிரயாணம் இது என்று ஒத்துக்கொண்டான். எலியாவின் பலவீனத்தைத் தேவதூதன் மறுக்கவில்லை.

கேன்சர் வைத்தியத்தில் வருகிற சோர்வு சாதாரணச் சோர்வு இல்லை, தூங்கினாலும் தீராது. அதை அனுபவிக்கிறவனிடம், "எழும்பு, பெலன்கொள்" என்று சத்தம் போடுவதற்கு முன்னே கொஞ்சம் ரசம் சாதம் கொண்டு போங்கள். அப்புறம் ஜெபியுங்கள். தேவதூதன் அந்த வரிசையில்தான் செய்தான்.

எலியாவின் சால்வையை எடுத்துக்கொண்டவர் எலிசா. ஆவியின் வரத்தில் இரட்டத்தனையாய்ப் பெற்றவர். நாகமானின் குஷ்டம் அவர் சொன்ன வார்த்தையில் நீங்கினது, சூனேம் ஊராளின் பிள்ளை உயிரோடு எழுந்தது. அப்படிப்பட்டவர் எப்படி மரித்தார்? இரண்டாம் இராஜாக்கள் 13-ம் அதிகாரம், வியாதியில் மரித்தார்! யோவாஸ் ராஜா வந்து, அவர் முகத்தின்மேல் குனிந்து அழுதான். படுக்கையிலிருந்த எலிசா என்ன செய்தார்? ராஜாவின் கைமேல் தன் கையை வைத்து, ஜன்னலைத் திறந்து அம்பு எய்யச் செய்தார். மரணப்படுக்கையில் ஊழியம்! அவர் மரித்தபின் அவருடைய எலும்புகள் பட்டு ஒரு பிரேதம் உயிர்த்தெழுந்தது என்று அதே அதிகாரம் சொல்லுகிறது. எலும்பில் கேன்சர் உள்ள எனக்கு அது எவ்வளவு ஆறுதல் தெரியுமா? வியாதி வந்த எலும்பை அபிஷேகம் விட்டுப் போகவில்லை!

அப்படியானால் சுகத்துக்காக ஜெபிக்கலாமா?

ஜெபிக்க வேண்டும்! நம் தேவன் இன்றும் சுகமளிக்கிறவர். அதை நான் விசுவாசிக்கிறேன். யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தின்படி மூப்பர்கள் எனக்கு எண்ணெய் பூசி ஜெபித்தார்கள், இனியும் ஜெபிப்பார்கள். தினமும் காலையில் சுகத்தைக் கேட்கிறேன். தகப்பனிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்? பவுலும் தன் சரீரத்திலிருந்த முள்ளுக்காக மூன்று தரம் கேட்டார். கிடைத்தது சுகமல்ல, கிருபை. அக்கினிச் சூளைக்கு முன்னே நின்ற மூன்று வாலிபரும், எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், தப்புவிக்காமற்போனாலும் நாங்கள் வணங்கமாட்டோம் என்கிற கருத்தில் பேசினார்கள். தப்புவிப்பார் என்று சொல்ல விசுவாசம் வேண்டும். தப்புவிக்காமற்போனாலும் என்று சொல்ல அதைவிட விசுவாசம் வேண்டும்.

மருந்தைத் தூக்கிப்போடுகிறதைப் பற்றி ஒன்று சொல்லுகிறேன். நம்ம திண்டிவனத்தில் நடந்ததை மறக்கலாமா? 1890-களில், மிஷனரி டாக்டரின் மகளாகிய ஐடா ஸ்கடர் இங்கே பெற்றோரோடு தங்கியிருந்தார்கள். ஒரே இராத்திரியில் மூன்று புருஷர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேருடைய மனைவிகளும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்று மறுத்துவிட்டார்கள். வைத்தியம் தெரியாத அந்த வாலிபப் பெண்ணால் ஒன்றும் செய்ய முடியவில்லை. விடிந்தபோது மூன்று பேரும் மரித்துப் போயிருந்தார்கள். அந்த அம்மா அமெரிக்காவுக்குப் போய்ப் படித்து, 1899-ல் டாக்டர் பட்டம் வாங்கி, 1900-ல் திரும்பி வந்தார்கள். அதிலிருந்து எழும்பினதுதான் வேலூர் சி.எம்.சி. திண்டிவனத்தின் அந்த இராத்திரிக்குக் கர்த்தர் கொடுத்த பதில் ஒரு ஆஸ்பத்திரி! சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியை 1954-ல் நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், தன் தங்கையைக் கேன்சருக்குப் பறிகொடுத்தவர்தான். துக்கத்திலிருந்து கட்டப்பட்ட இந்தக் கட்டடங்களுக்குப் போகிறது அவிசுவாசம் ஆகாது.

வலி மாத்திரையைக் குறித்தும் பயம் இருக்கிறது. "மார்ஃபின் கொடுத்துட்டாங்கன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்கிறார்கள். அது தவறு. டாக்டர் அளந்து கொடுக்கிற மார்ஃபின், மனுஷனைத் தூங்கவும் சாப்பிடவும் ஜெபிக்கவும் வைக்கிறது. நோயாளிகளுக்கு இது எளிதாய்க் கிடைக்க வேண்டும் என்றே 2014-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழக அரசு ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்கு வீட்டிலேயே வலி தணிக்கும் கவனிப்பும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கண்டவுடன் பிரசங்கம் பண்ணவில்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினான்.

சபையே, கூட ஓடு!

பந்தயத்தில் நீண்ட தூரம் ஓடுகிறவனுக்குத் தெரியும், கடைசிச் சுற்றில் பக்கத்தில் ஒருவன் ஓடினால் மூச்சு தானாக வரும். ஆகையால் நம் சபையாருக்கு நான் கேட்டுக்கொள்ளுகிறது இவைகளே:

பார்க்க வரும்போது, "ஏன் இன்னும் சுகமாகல?" என்று கேட்காதிருங்கள். "இன்னைக்கு எப்படி இருக்கு அண்ணே?" என்று கேளுங்கள். நாளைக்கு எப்படி என்று எனக்கும் தெரியாது, இன்றைக்கு எப்படி என்று சொல்லத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் கூட வாருங்கள். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு அதிகாலை பஸ் ஏறி, வரிசையில் நின்று, சாயங்காலம் திரும்புகிற ஏழைக் குடும்பங்கள் நம் சபையிலேயே இருக்கிறார்கள். சீட்டு வாங்க ஒரு ஆள், பிடித்துக்கொள்ள ஒரு தோள், மத்தியானத்துக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். இதுவும் அபிஷேகம் உள்ள ஊழியமே.

வீட்டம்மாவை மறவாதிருங்கள். எனக்காக ஜெபிக்கிறவர்கள் அநேகர். இராத்திரி என் புடவையும் போர்வையும் உனக்கு வேண்டுமா என்று மூன்று தரம் எழுந்திருக்கிற என் மனைவியிடம், "அக்கா, நீங்க தூங்குங்க, நான் உக்காந்திருக்கேன்" என்று சொன்ன ஒரே ஒரு சிஸ்டருக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன்.

வேலை கொடுங்கள். வியாதிக்காரன் என்று ஓரமாக உட்கார வைக்காதேயுங்கள். சனிக்கிழமை காலையில் நம் வாலிபர்கள் ஓடப் போகிறார்கள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறேன். "ஐயா, எவ்ளோ?" என்று மூச்சு வாங்கக் கேட்கிறார்கள். நேரத்தைச் சொல்லுகிறேன், கூடவே ஒரு வார்த்தையும் சொல்லுகிறேன். லிடெலின் காலணி ஞாபகம் வருகிறது.

வாலிபத் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கால்களின் பெலன் உங்கள் சொந்த ஆஸ்தி என்று எண்ணாதேயுங்கள். அது கடனாய்க் கொடுக்கப்பட்டது. கொடுத்தவருக்கு அதைத் திருப்பிக் கேட்க உரிமை உண்டு. கையில் இருக்கும்போதே அவருக்காக ஓடிவிடுங்கள்.

என்னைப் போலக் குணமாகாத வியாதியோடு இருக்கிற சகோதரனே, சகோதரியே, கேளுங்கள். நமக்குத் தூரம் குறைந்திருக்கிறது, பந்தயம் ரத்தாகவில்லை. முன்னே பத்து கிலோமீட்டர் என்று கணக்கு வைத்தேன். இப்போது கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும், வாசலிலிருந்து சபை வரைக்கும் என்று கணக்கு வைக்கிறேன். அதற்கு விசில் ஊதுகிற நடுவர் அவரே. கடைசியாக வருகிறவனையும் கோட்டின் பக்கத்தில் காத்து நின்று பார்க்கிற நடுவர் அவர். எபிரெயர் பன்னிரண்டாம் அதிகாரத்தில் சொல்லப்பட்ட திரளான சாட்சிகளும் இன்னும் மைதானத்தை விட்டுப் போகவில்லை. மிலேத்துவில் படுத்திருந்த துரோப்பீமுவும் அவர்களில் ஒருவராக நிற்பார் என்று நான் நம்புகிறேன்.

ஜெபிப்போமா?

எங்கள் பரம தகப்பனே, வியாதிப் படுக்கையில் இருக்கிற எங்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அறிந்திருக்கிறீரே, ஸ்தோத்திரம். உமக்குச் சித்தமானால் சுகம் தாரும். தாமதமானால் பெலன் தாரும். சுகமே இல்லாவிட்டாலும் நீர் போதும் என்று சொல்ல எங்களுக்குக் கிருபை தாரும். எங்களைப் பராமரிக்கிற கைகளை ஆசீர்வதியும். எங்கள் சபை ஒருவரையும் விட்டு முன்னே ஓடாதபடிக்குக் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்! அல்லேலூயா!